தரச்சான்றுக்கு நாணயம் அனுப்பும்போது உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

பழம்பொருள் ஏலத்தில் வாங்கிய, மார்கன் எனப்படும் பழைய அமெரிக்க வெள்ளி டாலர்கள் ஐந்தை, அதாவது 1921ஆம் ஆண்டின் மூன்றையும் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில் அடித்த 1881, 1884 ஆகியவற்றில் ஒவ்வொன்றையும், உண்மைத்தன்மையைச் சோதித்துத் தரத்துக்கு எண் இட்டுத் தரும் நிறுவனத்துக்கு அனுப்ப முனைந்தீர்கள். ஒரு நாணயத்துக்கு 25 டாலர் என்று அட்டவணையில் கண்டு மொத்தம் 125 டாலரில் முடியும் என்று எண்ணினீர்கள். படிவத்தை நிரப்பி முடித்தபோது தொகை 200 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது, வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு, மதுரையில் உங்கள் அப்பா வைத்திருக்கும் 1840, 1862 விக்டோரியா ரூபாய்களையும் ஒரு 1945 ரூபாயையும் இவற்றோடு சேர்த்து அனுப்பலாமா என்பவை உங்கள் கேள்விகள். ஆனால் நடுவில், “மதிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் 100 டாலர் என்று போட்டுவிட்டேன்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் உங்கள் கேள்வியின் உயிர்நாடி அந்த வரிதான். கட்டண அடுக்கு, திரும்பி வரும் அஞ்சல் செலவு, இழப்பு நேர்ந்தால் கிடைக்கும் ஈடு என்ற மூன்றும் அந்த ஒரே எண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

அமெரிக்காவில் எங்கள் ஊர் நாணயச் சங்கத்தில் உறுப்பினர்களின் படிவங்களை அனுப்புமுன் சரிபார்க்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன்; அந்தப் பழக்கத்திலிருந்தே இதை எழுதுகிறேன். நான் எந்தத் தரச்சான்று நிறுவனத்திலும் பணியாற்றியவன் அல்லன். நாணய வணிகனும் அல்லன். கட்டண விவரங்கள் அவ்வப்போது மாறுபவை என்பதால், கீழே நான் கணக்குக்காக வைத்துக்கொள்ளும் தொகைகளை விலைப்பட்டியலாகக் கொள்ளாமல், அனுப்பும் நாளன்று நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து உங்கள் எண்களை இட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் அமைந்திருக்கும் முறை அவ்வளவாக மாறுவதில்லை.

முதலில் அந்த முறை. இன்று சந்தையில் பெரிதும் ஏற்கப்படும் இரண்டு நிறுவனங்கள், 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி ஆகியவை. இரண்டுமே 1 முதல் 70 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. அது 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்க செப்புச் சென்ட்டுகளின் விலையைக் கணிக்க வகுத்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது. இரண்டு நிறுவனங்களும் கட்டணத்தை நாணயத்தின் வகையையும் மதிப்பையும் பொறுத்து அடுக்குகளாகப் பிரித்து வைத்துள்ளன. ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் உச்ச மதிப்பு உண்டு. அந்த வரம்புக்கு மேற்பட்ட நாணயத்தை அந்த அடுக்கில் அனுப்ப முடியாது. மிக உயர்ந்த அடுக்குகளில் நிலையான கட்டணத்தோடு நாணயத்தின் மதிப்பில் ஒரு சதவீதத்தையும் சேர்த்து வாங்குகிறார்கள். மதிப்பு கூடக்கூடக் கட்டணம் ஏன் கூட வேண்டும் என்று புதியவர்கள் சினப்படுவதுண்டு. நாணயம் போலி என்றோ, தரம் கூடுதலாக இடப்பட்டது என்றோ பின்னாளில் தெரிந்தால் நிறுவனம் தன் உத்தரவாதத்தின் பேரில் ஈடு தர வேண்டியிருக்கிறது. நூறு டாலர் நாணயத்துக்கும் இருபதாயிரம் டாலர் நாணயத்துக்கும் அந்தப் பொறுப்பு ஒன்றாக இருக்க முடியாது என்பதை நான் நியாயமாகவே கருதுகிறேன்.

அட்டவணையில் பெரிய எழுத்தில் தெரிவது நாணயத்துக்கான கட்டணம் மட்டுமே. அதோடு, ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு கையாளுதல் கட்டணம் உண்டு. நாணயம் ஒன்றானாலும் பத்தானாலும் அது மாறாது. வெவ்வேறு அடுக்கைச் சேர்ந்த நாணயங்களுக்குத் தனித்தனிப் படிவம் வேண்டும் என்பதால், ஐந்து நாணயங்களை இரண்டு அடுக்குகளில் பிரித்தால் அந்தக் கட்டணத்தை இரண்டு முறை செலுத்துகிறீர்கள். நேரடியாக அனுப்பும் உரிமைக்கு ஆண்டு உறுப்பினர் சந்தா உண்டு. நீங்கள் அனுப்பும் அஞ்சலின் செலவும் காப்பீடும் உங்களுடையவை. திரும்பி வரும் அஞ்சலின் செலவையும் காப்பீட்டையும் நிறுவனம் தன் அட்டவணைப்படி உங்கள் கணக்கில் சேர்க்கிறது. இவற்றுக்கு மேல், நாணயத்தின் அச்சில் காணும் சிறு வேறுபாட்டைப் பெயரிட்டு, நிறுவனம் நாணயத்தை அடைத்துத் தரும் கடினமான பிளாஸ்டிக் உறைமேல் குறிப்பது, பெரிய நாணயத்துக்குப் பெரிய உறை, மேற்பரப்பில் படிந்திருக்கும் அழுக்கை நிபுணர்கள் அகற்றித் தருவது போன்றவை தனித்தனிக் கட்டணம் கொண்டவை. முதல்முறை அனுப்புகிறவருக்கு இவற்றில் எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது.

இப்போது கணக்கு. நாணயத்துக்கு 25, படிவத்துக்கு 10, சந்தா 25, போகும் அஞ்சல் 25, வரும் அஞ்சல் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு நாணயத்தை அனுப்ப 115 டாலர் ஆகிறது. ஐந்தை அனுப்பினால் 215; நாணயம் ஒன்றுக்கு 43. பத்து நாணயங்களுக்கு அஞ்சல் செலவு இரு பக்கமும் ஐந்தைந்து டாலர் கூடுவதாகக் கொண்டாலும் 350, ஒன்றுக்கு 35. உங்கள் படிவத்தில் 125 டாலர் இருநூறைத் தாண்டியது இப்படித்தான். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அட்டவணையில் உள்ள 25ஐ ஒருபோதும் உங்கள் செலவாக எண்ணாமல், எல்லாவற்றையும் கூட்டி, நாணயங்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகையையே ஒவ்வொரு நாணயத்தின் எதிரிலும் எழுதிப் பாருங்கள். அந்தத் தொகையைச் சுமக்கும் வலு இந்த நாணயத்துக்கு உண்டா என்பதே அடுத்த கேள்வி.

அந்தச் சோதனையில் உங்கள் 1921 டாலர்கள் மூன்றும் தேறாது என்பதை ஏறத்தாழ உறுதியாகச் சொல்வேன். அந்த ஓர் ஆண்டில் ஃபிலடெல்ஃபியாவில் மட்டும் 4.4 கோடிக்கும் மேற்பட்ட மார்கன் டாலர்கள் அடிக்கப்பட்டன; சிறிதளவு தேய்ந்த நிலையில் அவற்றின் விலை, அவற்றில் அடங்கிய சுமார் 24 கிராம் சுத்த வெள்ளியின் விலைக்கு மேல் அதிகம் எழுவதில்லை. நாணயம் ஒன்றுக்கு 43 டாலர் செலவிட்டு உறையில் இட்டு வாங்கினாலும், வாங்குகிறவர் அந்த 43ஐத் தர மாட்டார். 1881 சான் பிரான்சிஸ்கோ டாலர் வேறு வகை. அது கூர்மையான அச்சுக்குப் பெயர்பெற்றது, 1.27 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டவற்றில் ஏராளமானவை புழக்கத்துக்கே வராமல் பைகளில் கிடந்தமையால், புதுநிலையில், 63, 64 தரத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆகையால் உங்களுடையது 65க்கும் மேலே போகக்கூடிய அளவுக்கு மாசற்றதாக இருந்தால்தான் செலவு ஈடாகும். முன்புறத் தலையுருவின் கன்னத்திலும் கழுத்திலும் பிற நாணயங்கள் உரசிய தடங்கள் எத்தனை என்று உருப்பெருக்கியில் பாருங்கள். அந்தத் தலையுருவின் திறந்த பரப்புதான் தரத்தைத் தீர்மானிக்கிறது.

1884 சான் பிரான்சிஸ்கோ டாலரில்தான் உங்கள் கேள்வி முழுதும் வந்து குவிகிறது. அது 32 இலட்சம் அடிக்கப்பட்டும், பெரும்பகுதி புழக்கத்தில் தேய்ந்துபோயிற்று. தேய்ந்தது எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. தேயாத நிலையில் உள்ளதோ மிக அரிது, பல ஆயிரம் டாலர் பெறுவது. புழங்காத நாணயத்துக்கும் கூந்தல் முகட்டில் ஒரு துளி மெருகு தேய்ந்த நாணயத்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு மயிரிழைதான். விலையில் அது பள்ளத்தாக்கு. இதற்கு 100 டாலர் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது நன்கு தேய்ந்த நாணயமானால் பெரிய தவறில்லை. ஆனால் தேய்வு மிகக் குறைவானதாகவோ புதுநிலையிலோ இருக்க வாய்ப்பிருந்தால் இரண்டு விளைவுகள் உண்டு. நிறுவனம் தரமிட்ட பிறகு அதன் மதிப்பு அடுக்கின் வரம்பைத் தாண்டினால், மேல் அடுக்கின் கட்டணத்துக்கு மாற்றி மிச்சத்தை உங்களிடம் வசூலிக்க அதற்கு உரிமை உண்டு. இதை அவர்கள் விதிமுறைகளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இது வருத்தப்பட வேண்டிய செய்தி அன்று, உங்கள் நாணயம் உயர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். இரண்டாவது விளைவுதான் அஞ்சத்தக்கது: திரும்பி வரும் வழியில் பொட்டலம் தொலைந்தால், நீங்கள் எழுதிய 100 டாலரே உங்களுக்குக் கிடைக்கும் ஈட்டின் எல்லை.

அப்படியானால் என்ன எழுதுவது? இன்னொன்றை இதே நிலையில் சந்தையில் வாங்க வேண்டுமானால் எவ்வளவு செலவாகுமோ, அதை எழுதுங்கள். அந்தத் தொகையை அறிய நிறுவனங்களின் விலைக் கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம். அவை கடை விலையைச் சற்று உயர்த்தியே காட்டுகின்றன என்பது என் கருத்து. ஹெரிட்டேஜ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகள் பதிவு செய்தவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அதே ஆண்டு, அதே நாணயச்சாலை, நீங்கள் எதிர்பார்க்கும் தரமும் அதற்கு ஒரு படி கீழும் என்று அண்மை விற்பனைகளைப் பார்த்து நடுவில் ஒரு தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை மிச்சப்படுத்தக் குறைத்து எழுதுவதும், ஆசையால் கூட்டி எழுதுவதும் உங்களுக்கே தீங்கு. கூட்டி எழுதினால் தரம் உயராது. அடுக்குக் கட்டணமும் திரும்பும் அஞ்சலின் செலவும்தான் உயரும்.

எந்தக் கணக்கிலும் வராத ஓர் இடர் உண்டு. நாணயம் எப்போதாவது துலக்கப்பட்டிருந்தால், கீறப்பட்டிருந்தால், செயற்கையாக நிறமூட்டப்பட்டிருந்தால், நிறுவனம் எண் தரம் தராமல், உண்மையானது, ஆனால் குறையுள்ளது என்று குறித்து உறையில் இட்டு அனுப்பும். அதற்கும் முழுக் கட்டணம் உண்டு. போலி என்று கண்டால் உறையே இராது. கட்டணம் மட்டும் போனது போனதுதான். பழம்பொருள் ஏலத்தில் வரும் வெள்ளி டாலர்களில் வீட்டுக்காரர் எப்போதோ மெருகுப் பசை இட்டுத் தேய்த்தவை மிகுதி என்பதால் உங்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்கிறேன். நாணயத்தை ஒரே விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். துலக்கப்படாத பரப்பில் ஒளி சக்கரத்தின் ஆரங்கள்போல மையத்திலிருந்து சுழன்று ஓடும். துலக்கியதில் அது ஓடாது, ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் மினுங்கும். எடை 26.73 கிராமிலிருந்து குறிப்பிடும்படி விலகுகிறதா என்றும் பாருங்கள். பின்புறம் இலைவளையத்தின் கீழ், சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையைக் குறிக்கும் சிறிய ‘எஸ்’ எழுத்தையும் உருப்பெருக்கியில் உற்றுப் பாருங்கள். மதிப்புள்ள ஆண்டுகளில் அந்த எழுத்தை ஒட்டவைத்து விற்பது பழைய மோசடி. அதன் அடிவிளிம்பில் இணைப்புக் கோடோ நிறமாற்றமோ தெரிந்தால் அனுப்புவதை நிறுத்திவையுங்கள். எதுவாயினும், அனுப்புமுன் நீங்களாகக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம்.

இனி அஞ்சல். நிறுவனத்தின் கையில் பொட்டலம் சேரும்வரை முழுப் பொறுப்பும் உங்களுடையது; திரும்பும் வழியில்தான் நிறுவனத்தின் காப்பீடு, அதுவும் நீங்கள் எழுதிய மதிப்பு வரை. தனியார் கூரியர் நிறுவனங்கள் பலவற்றின் விதிகளில் நாணயங்கள் விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஈடு மிகக் குறைந்த தொகையோடு நின்றுவிடும். நீங்கள் கவுண்டரில் 3,000 டாலர் மதிப்பு என்று சொல்லிப் பணம் கட்டினாலும், உள்ளே இருந்தது நாணயம் என்று தெரிந்தால் ஈடு மறுக்கப்படலாம். எனவே அமெரிக்காவுக்குள் அனுப்புவதற்கு அமெரிக்க அஞ்சல் துறையே என் பரிந்துரை. சில நூறு டாலர் மதிப்புக்குள் காப்பீடு செய்த பிரையாரிட்டி மெயில் போதும். அதில் 5,000 டாலர் வரை காப்பீடு வாங்கலாம். ஆயினும் ஓராயிரத்தைத் தாண்டினாலே நான் பதிவு அஞ்சலுக்குப் போய்விடுவேன். அதில் 50,000 டாலர் வரை காப்பீடு உண்டு. பொட்டலம் பூட்டிய இடத்தில் வைக்கப்பட்டு, கைமாறும்போதெல்லாம் கையொப்பம் பெறப்படுகிறது. மெதுவாகத்தான் போகும், நடுவில் நாட்கணக்கில் இணையத்தில் எந்தத் தகவலும் தெரியாது. அது கண்டு பதறாதீர்கள்.

அந்த அமைதிக்கு ஒரு பழைய சான்று உண்டு. 1958இல் நகைவணிகர் ஹாரி வின்ஸ்டன், ஹோப் வைரத்தை நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் பதிவு அஞ்சலில்தான் அனுப்பினார். மொத்தச் செலவு 145.29 டாலர், அதில் அஞ்சல் தலைக்கானது வெறும் 2.44 டாலர், மிச்சம் முழுதும் பத்து இலட்சம் டாலர் காப்பீட்டுக்கு. மதிப்புள்ள பொருளை அனுப்பும்போது நாம் எடைக்குக் கொடுப்பது சிறிது, பொறுப்புக்குக் கொடுப்பது பெரிது என்பது அன்றும் இன்றும் மாறவில்லை.

பதிவு அஞ்சலுக்கு ஒரு நிபந்தனை பலருக்குத் தெரியாமல் கவுண்டரிலிருந்து திரும்ப வேண்டியதாகிறது: பெட்டியின் இணைப்புகள் மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் நாடா இருக்கக் கூடாது. நீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித நாடாதான் வேண்டும், ஏனெனில் ஒவ்வோர் இணைப்பின் மேலும் அஞ்சல் முத்திரை பதிய வேண்டும். உள்ளே இருக்கும் சிறு பெட்டியை எந்த நாடாவால் வேண்டுமானாலும் ஒட்டலாம். நாணயங்களை ஒவ்வொன்றாகப் பிவிசி கலவாத ஒளிபுகும் மென்னுறையில் இட்டு, உறையின் மேல் படிவத்தின் வரிசை எண்ணைக் குறிக்க வேண்டும். ஸ்டேப்ளர் ஊசி அடித்த அட்டைச் சட்டங்களை விலக்குங்கள். எடுக்கும்போது ஊசி கீறும். பிவிசி கலந்த மலிவான உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பைப் படியவைக்கும். உறைகளை இரு அட்டைகளுக்கிடையே இறுக்கிக் கட்டி, பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வராதபடி நிரப்புங்கள். வெளியே நாணயம் என்ற சொல்லோ அதைச் சுட்டும் பெயரோ இருக்க வேண்டாம். முகவரியில் நிறுவனத்தின் எழுத்துச் சுருக்கமே போதும். நிறுவனம் தரும் முகவரி அஞ்சல் பெட்டி எண்ணாக இருந்தால் அங்கே அஞ்சல் துறை மட்டுமே சேர்க்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அனுப்புமுன் ஒவ்வொரு நாணயத்தின் இரு பக்கத்தையும் படமெடுத்து, எடையைக் குறித்து, ஏல ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் துறை ஈடு தரும்போது நீங்கள் வாங்கிய காப்பீட்டுத் தொகையை அப்படியே தருவதில்லை. உண்மை மதிப்புக்கு ஆதாரம் கேட்கிறது. உள்நாட்டுப் பதிவு அஞ்சல் தொலைந்தால் அனுப்பிய நாளிலிருந்து 15 நாள் கழித்தே ஈடு கோர முடியும்; 60 நாளுக்குள் கோரியிருக்க வேண்டும். நிறுவனம் அறிவிக்கும் பணி நாட்களோ, பொட்டலம் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அதைப் பிரித்துக் கணினியில் பதிந்த நாளிலிருந்தே எண்ணப்படும். அதுவும் மதிப்பீடுதான், வாக்குறுதி ஆகாது.

ஐந்து நாணயங்களுக்காகச் சந்தா கட்டத் தயங்கினால் வேறு வழிகளும் உண்டு. நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற வணிகர் உங்கள் ஊரில் இருந்தால் அவர் தம் பொட்டலத்தோடு சேர்த்து அனுப்புவார். சந்தா இல்லை, அஞ்சல் செலவு பங்காகிறது, படிவத்தைப் பழகிய கண் ஒன்று பார்த்துவிடுகிறது. அவரிடம் ஒப்படைக்கும்போது ஒவ்வொரு நாணயத்தையும் பெயரிட்டு, யாருடைய காப்பீட்டில் போகிறது என்பதையும் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய நாணயக் கண்காட்சிகளில் நிறுவனங்களின் மேசையிலேயே நேரில் கொடுத்துவிட்டால், போகும் அஞ்சலை முழுதும் தவிர்க்கலாம். 1972இல் தொடங்கிய அனாக்ஸ் நிறுவனம் உறுப்பினர் சந்தா இல்லாமலே ஏற்றுக்கொள்கிறது. கட்டணமும் பொதுவாகக் குறைவு. ஆனால் விற்கும்போது அதன் உறைக்குப் பிசிஜிஎஸ், என்ஜிசி உறைகளுக்கு நிகரான விலை பெரும்பாலும் கிடைப்பதில்லை. விற்க எண்ணாமல், உண்மையானதா என்று அறிந்து பாதுகாக்க மட்டும் விரும்பினால் அது நல்ல தேர்வு.

கடைசியாக மதுரை ரூபாய்கள். இங்கே செலவுக்கு முன் சட்டம் நிற்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயத்தைத் தொல்பொருள் என்றே வரையறுக்கிறது. மைய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ அல்லாமல் வேறு எவரும் அத்தகைய பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. தரச்சான்று பெற்றுத் திருப்பிக் கொண்டுவரத்தான் போகிறோம் என்பதோ, குடும்பச் சொத்து என்பதோ, சில நூறு ரூபாய்தான் பெறும் என்பதோ இதற்கு விலக்காகாது. பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டுவருவதும் ஏற்றுமதிதான். எனவே 1840, 1862 இரண்டும் மதுரையிலேயே இருக்கட்டும். 1945 ரூபாய் அந்த வரையறைக்குள் வராது. ஆயினும் அது பாதி மட்டுமே வெள்ளி கலந்த, பெருமளவில் அடிக்கப்பட்ட நாணயம். மேலே சொன்ன 43 டாலர் சோதனையில் அநேகமாகத் தேறாது. அதையும் அனுப்பியே தீர வேண்டுமென்றால், தொல்பொருள் அன்று என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னரே பெற்றுக்கொள்வது சுங்கத்தில் வரும் கேள்விகளைத் தவிர்க்கும். அத்துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. காப்பீடற்ற சாதாரணக் கடிதத்தில் நாணயம் வைத்து நாடு கடந்து அனுப்புவது பன்னாட்டு அஞ்சல் உடன்படிக்கையின்படியே தடை செய்யப்பட்டது. உறவினர் யாராவது அப்படி அனுப்ப முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.

ஆக, உங்கள் ஐந்தில் இப்போதைக்கு அனுப்பத் தகுந்ததாக எனக்குத் தோன்றுவது 1884 ஒன்றே, 1881 ஐயத்துக்குரியது. ஒன்றை மட்டும் அனுப்பினால் 115 டாலர் என்ற கணக்கு வருவதால், சந்தா கட்டாமல் அங்கீகாரம் பெற்ற வணிகர் வழியே போவதுதான் உங்களுக்குப் பொருந்தும். படிவத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் நிறுத்திவைத்து, அந்த 1884இன் முன்புறம், பின்புறம், நாணயச்சாலை எழுத்து மூன்றையும் பகல் வெளிச்சத்தில், நாணயத்தைச் சற்றுச் சாய்த்தபடி படமெடுத்து இங்கே இடுங்கள். தேய்வு தொடங்கிவிட்டதா, துலக்கப்பட்டதா என்பதைப் படத்தில் ஓரளவுக்குச் சொல்ல முடியும். அது தெரிந்தால் மதிப்புக் கட்டத்தில் எழுத வேண்டிய தொகையையும், எந்த அடுக்கில் போக வேண்டும் என்பதையும் சேர்ந்தே முடிவு செய்யலாம்.